சாத்தமுதா, சாத்துமுறையா?

என் மாமனாரின் வலது காதுக்குள் பெருமாள் மணி அடிக்கிறார் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். நான் கல்யாணமாகி ஸ்ரீரங்கத்து உத்தர வீதிக்கு வந்தது ஐம்பதுகளின் நடுவில். அதற்குள் அந்த நம்பிக்கை வீட்டில் வேரூன்றி, எனக்கு முன்பே வந்துவிட்ட மூத்த மருமகளைப் போல உரிமையோடு நடமாடிக்கொண்டிருந்தது.

அது தொடங்கிய கதையை மாமியார் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒரு நாள் மதியம், இலையில் மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்த மாமனார் தலையை நிமிர்த்தி, "இந்த வேளையில என்ன மணி அடிக்கறது?" என்று கேட்டாராம். கோயிலில் நடை சாத்தியிருந்த நேரம். மாமியார் வாசல்வரை போய் நின்று கேட்டுவிட்டு வந்தார். வீதியில் ஒரு சத்தமும் இல்லை.

"இன்னும் அடிக்கறதா?"

"அடிக்கறதே. நிக்கவே இல்லையே."

மாமியார் கையிலிருந்த மோர்ப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவரை விழுந்து சேவித்தார். "நமக்குக் கேக்கலைன்னா, அது நமக்காக அடிக்கலைன்னு அர்த்தம்" என்பது அவர் கண்ட முடிவு.

மாமனார் திருச்சியில் தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசி பெஞ்சில் நடக்கும் கிசுகிசுப்பை, கரும்பலகையில் எழுதிக்கொண்டே, திரும்பிப் பாராமல், ஆளைப் பெயர் சொல்லிக் கண்டிப்பார் என்று அவரிடம் படித்தவர்கள் சொல்லுவார்கள். ஆதாரம் இல்லாத எதையும் அவர் ஏற்பதில்லை. ஆனால் மணி கேட்பதென்னவோ உண்மை. அதற்கு வேறு விளக்கமும் அவர் கைவசம் இல்லை. ஆகவே மாமியாரின் முடிவை அவர் ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

இதனால் வீட்டில் விளைந்த நன்மைகளைச் சொல்ல வேண்டும். ஒரு காரியத்தைப் பேசிக்கொண்டிருக்கும்போது எங்கிருந்தாவது கோயில் மணி கேட்டால், பேசிய பேச்சுக்கு மேலிருந்து சம்மதம் கிடைத்ததாகக் கொள்ளுவது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த மணியே வீட்டுத் தலைவரின் காதுக்குள் இருக்கும்போது வேறென்ன வேண்டும்? என் கணவர் சைக்கிள் வாங்க ஆசைப்பட்டார். மைத்துனர் பம்பாய்க்குப் போய் வேலை பார்க்க விரும்பினார். நான் காவிரிப் பாலத்தைத் தாண்டி திருச்சிக்குப் போய் நூலகத்தில் புத்தகம் எடுத்துவர விரும்பினேன். ஒவ்வொருவரும் விஷயத்தைச் சொல்லிவிட்டு, "மணி அடிக்கறதா அப்பா?" என்று மட்டும் கேட்டோம். பொய் சொல்லத் தெரியாத மனிதர், ஒரு நிமிஷம் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "அடிக்கறது" என்பார். அந்த வீட்டில் அந்த நாட்களில் மறுக்கப்பட்ட விண்ணப்பம் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை.

மணி வந்த சில ஆண்டுகளில் மனிதர்களின் பேச்சு மெல்ல விலகத் தொடங்கியது. முதலில் போனது என் குரல். பிறகு மாமியாரின் குரல். என் கணவர் பேசினால் பாதி விழும். "இப்பல்லாம் யாருமே வாயைத் திறந்து பேசறதில்லை. எல்லாரும் மென்னு முழுங்கறேள்" என்று அவர் எங்களைக் குறை சொன்னார். நாங்கள் கத்தினோம். "ஏன் கத்தறேள்? நான் என்ன செவிடா?" என்று அதற்கும் கோபித்துக்கொண்டார். விழுந்த பாதியைக் கொண்டு விழாத பாதியை அவரே கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்ளுவார். கணக்கில் அவர் கெட்டிக்காரர் என்பதால் விடை பெரும்பாலும் சரியாகவே இருந்தது. தவறியபோது மிகவும் கம்பீரமாகத் தவறியது.

அப்படித் தவறிய ஒன்று எங்கள் வீதியில் வெகுகாலம் நின்றது. மற்றவர்கள் ரசம் என்பதை எங்கள் வீடுகளில் சாத்தமுது என்போம். சந்நிதியில் பாசுரங்களைச் சொல்லி நிறைவு செய்யும் பகுதிக்குச் சாத்துமுறை என்று பெயர். ஒரு நாள் காலை, மாமனார் சந்நிதிக்கு வரத் தாமதமாகிவிட, எதிர்வீட்டு மாமா அவரைத் தேடி வந்து வீதியில் நின்றபடியே குரல் கொடுத்தார். அவர் மாமனாரின் பால்ய சிநேகிதர். இருவரும் ஒருவரையொருவர் நையாண்டி செய்யாமல் ஒரு பொழுதும் கழித்ததில்லை.

"ஓய்! சாத்துமுறை ஆயிண்டிருக்கு. உள்ள என்னங்காணும் பண்றீர்?"

கூடத்திலிருந்து மாமனார் வீதி முழுவதற்கும் கேட்கும்படி பதில் சொன்னார்: "ஆயிண்டிருக்கு, ஆயிண்டிருக்கு. இன்னும் பெருங்காயம் போடலை. நீர் உள்ள வாருமே, ஒரு வாய் சாப்பிட்டுட்டே போகலாம்!"

எதிர்வீட்டு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த அவர்கள் மாட்டுப்பெண், என் வயதுக்காரி, சிரித்த சிரிப்பில் கோலப்பொடிக் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டாள். பிறகு பால்காரர்கூட வாசலில் வந்து நின்று, "சாமி, சாத்தமுது ஆச்சுங்களா?" என்று கேட்கத் தொடங்கினார். மாமனாரும் சிரித்தார். வீட்டுக்குள் நடந்த தவறுகளை அவர் ஒருபோதும் பெரிதாக நினைத்ததில்லை.

சந்நிதியில் நடந்தது வேறு. எங்கள் வீதியின் கோடியில் ஒரு சின்னச் சந்நிதி உண்டு. அங்கே பாசுரம் சேவிக்கும் கூட்டத்தைக் கோஷ்டி என்போம். இரண்டு வரிசையாக எதிரெதிரே நிற்பார்கள். ஒரு வரிசை பாசுரத்தின் முன்னடிகளைச் சொல்லும். அது முடிந்த கணத்தில் எதிர்வரிசை பின்னடிகளை எடுக்கும். இடையில் ஓர் இடைவெளி விழக்கூடாது, ஒன்றின்மேல் ஒன்று ஏறவும் கூடாது. முன்வரிசைக்கு எதிர்வீட்டு மாமா தலைமை. அவருக்கு நேர் எதிரே, தூணை ஒட்டி, பின்வரிசையின் முதல் ஆளாக மாமனார். அது அவருடைய தகப்பனார் நின்ற இடம். மீசை முளைக்காத பருவத்திலிருந்து அவர் அங்கே நின்றுவருகிறார்.

எதிர்வரிசை முடிக்கும் இடம் அவருக்குக் காதில் விழாமற்போனபோது, அவர் மனத்துக்குள் தாளம் எண்ணிக்கொண்டு தன் அடியை எடுத்தார். எண்ணிக்கை சற்று முந்தினால், எதிர்வரிசை நடுவில் இருக்கும்போதே இவர் பாய்ந்துவிடுவார். அவருடையதோ ஒரு வகுப்பையே அடக்கிய குரல். எதிர்வரிசை தடுமாறும், பின்வரிசை யாரைத் தொடர்வதென்று தெரியாமல் இரண்டாகப் பிரியும். பெண்கள் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால், இரண்டு மாட்டுவண்டிகள் குறுகலான சந்தில் எதிரெதிரே வந்து நின்றதுபோல இருக்கும்.

ஐப்பசி தொடக்கத்தில் ஒரு நாள் எதிர்வீட்டு மாமா வீட்டுக்கே வந்தார். நையாண்டியே இல்லாமல், மாமனாரின் காதருகே குனிந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"ஸ்வாமி, மார்கழி வரப்போறது. வெளியூர்லேர்ந்தெல்லாம் பாகவதாள் வருவா. இந்த மார்கழிக்கு நீர் உம்ம இடத்துலயே நில்லும். ஆனா வாயைத் திறக்க வேண்டாம். நின்னு கேட்டுண்டிருந்தா போறும்."

அன்று மாமனார் சாப்பிடவில்லை. மாலையில் என்னை அழைத்து, "நின்னு கேட்டுண்டிருக்கச் சொல்றான், பாத்தியாம்மா. கேக்கறதுதானே எனக்கு வரலை" என்றார். சிரிக்கத்தான் முயன்றார்.

மறுநாளே என் கணவர் அவரைத் திருச்சி தென்னூரில் ஒரு காது டாக்டரிடம் அழைத்துப் போக ஏற்பாடு செய்தார். மாமியாரும் நானும் கூடப் போனோம். டாக்டர் இளைஞர், நல்ல சுபாவம். கவைபோன்ற ஓர் இரும்புக் கருவியை மேசை விளிம்பில் தட்டி, மாமனாரின் காதருகே பிடித்து, "மணிச் சத்தம் கேக்குதுங்களா?" என்று உரக்கக் கேட்டார்.

மாமனார் நிதானமாக, "எந்த மணி? உங்களோடதா, என்னோடதா?" என்றார்.

டாக்டர் கருவியைக் கீழே வைத்துவிட்டு மணியின் வரலாறு முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு எங்களுக்கு விளக்கினார். "காதுல மெல்லிசான சத்தத்தை வாங்குற நரம்புதான் முதல்ல வயசாகுதுங்க. ஆ, ஓன்னு இழுக்குறதெல்லாம் விழும். ச, த, ப மாதிரி எழுத்தெல்லாம் விழாது. சத்தம் கேக்கும், வார்த்தை கேக்காது. நீங்க கத்துனா சத்தம்தாங்க கூடும். பக்கத்துல போய், முகத்தைப் பாத்து, மெதுவா பேசுங்க. அப்புறம் இந்த மணி. வெளியிலேர்ந்து சத்தம் வராத இடத்துல, காது தானா ஒண்ணை உண்டாக்கிக்குதுங்க. நிறையப் பேருக்கு இருக்கு."

மாமியாருக்கு முகம் சிவந்துவிட்டது. "பெருமாளைப் போய் வியாதிங்கறேளே!"

"மணியை யாரு அடிக்கிறாங்கன்னு நான் சொல்லலைங்கம்மா. காதுக்கு வயசாயிருக்குன்னு மட்டும்தான் சொன்னேன்" என்றார் டாக்டர். மாமியார் அவரை அந்த இடத்திலேயே மன்னித்துவிட்டார்.

காது அச்சை மெழுகில் எடுத்து அனுப்பி, மெட்ராஸிலிருந்து டாக்டர் ஒரு காதுக்கருவி வரவழைத்துக் கொடுத்தார். இன்றுபோலக் காதுக்குள் ஒளிந்துகொள்ளும் கருவியல்ல அது. சிகரெட் பெட்டி அளவில் தோலுறை போட்ட ஒரு பெட்டி. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். அதிலிருந்து ஒரு மின்கம்பி ஏறிப் போய்க் காதில் பொருந்தும். பெட்டியின் தலையில் ஒரு சிறு சக்கரம். திருப்பினால் உலகத்தின் சத்தம் ஏறும், இறங்கும்.

முதல் நாள் வீட்டில் நடந்ததை ஒரு படையெடுப்பு என்றே சொல்ல வேண்டும். காகம் கத்தியது, மாமனார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். நான் செய்தித்தாளை மடித்தேன். புயல் வருகிறதா என்று கேட்டார். அப்பளத்தைக் கடித்தவர் பாதியில் நிறுத்தி, தன் வாய்க்குள் யாரோ விறகு பிளப்பதாகச் சொன்னார். மாமியார் தீர்த்தம் கொண்டுவந்து வைத்து, "மெதுவா சாப்பிடுங்கோளேன்" என்றதும் அவரையே வெறித்துப் பார்த்தார்.

"ஏண்டி, உனக்கு ஜலதோஷமா?"

"எனக்கென்ன ஜலதோஷம்? நன்னாத்தானே இருக்கேன்."

"இல்லை, குரல் என்னமோ..."

"நீங்க தாலி கட்டின நாள்லேர்ந்து இதே குரல்தான்!" என்று மாமியார் விறுக்கென்று சமையலறைக்குப் போனார். அங்கே வழக்கம்போல, அவருக்குக் கேட்காது என்ற தைரியத்தில், என்னிடம் தன் மனக்குறையை ஆற்றிக்கொள்ளத் தொடங்கினார். "இவர் அக்கா ஒருத்தி இருக்காளே, அவ குரலுக்கு என் குரல் குயிலாக்கும். வந்தா போக மாட்டா, போனா..."

கூடத்திலிருந்து பதில் வந்தது. "அக்காவைப் பத்திப் பேசாதே. பாவம் அவ."

மாமியார் கையிலிருந்த கரண்டி தரையில் விழுந்தது. கரண்டி விழுந்த சத்தத்தில் மாமனார் கருவியைக் காதிலிருந்து பிடுங்கி எறிந்தார். "இத்தனை சத்தம் எனக்கு எதுக்கு? எனக்கு வேண்டியது எதிர்வரிசை ஒண்ணுதான்!" பெட்டி அன்று மாலையே மாடத்துக்குள், நாமம் இட்டுக்கொள்ளும் திருமண் பெட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. நாங்கள் இருவரும் அதன்பின் சில நாட்கள் சமையலறையில் சைகையால் பேசிக்கொண்டோம்.

டாக்டர் இதை எதிர்பார்த்திருந்தார். "புதுச் செருப்பு மாதிரிங்க. முதல் நாளே சமயபுரத்துக்கு நடக்க முடியுமா? அமைதியான அறையில, ஒருத்தர் பேசுறதை மட்டும் கொஞ்ச நேரம் கேக்கட்டும். நாளாக நாளாகக் கூட்டுங்க" என்று என் கணவரிடம் சொல்லி அனுப்பினார். அந்த 'ஒருத்தர்' வேலை என்னிடம் வந்தது. மதியம் எல்லோரும் படுத்த பிறகு, உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு, எதிரே உட்கார்ந்து, நான் அவருக்குப் படித்துக் காட்டினேன். முதலில் செய்தித்தாள். அரிசி நிலவரமும் அரசியலும் அவரைத் தூங்கவைத்தன. ஒரு நாள் வாரப் பத்திரிகைத் தொடர்கதை ஒன்றை எடுத்துக்கொண்டேன். தொடர்கதை படிப்பவர்களைச் சோம்பேறிகள் என்று வாழ்நாளெல்லாம் சொல்லிவந்தவர் அவர். மூன்றாம் பக்கத்திலேயே நிமிர்ந்து உட்கார்ந்தார். மறுவாரம் பத்திரிகை வரும் நாளில், தானே பெட்டியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு காத்திருந்தார்.

"அந்தப் பொண்ணு டாக்டருக்குப் படிக்கப் போனாளா, இல்லையா? அதைச் சொல்லு முதல்ல."

பிறகு கதவைத் திறந்துவைத்துப் படித்தேன். பிறகு முற்றத்துக் குழாயைத் திறந்துவிட்டுப் படித்தேன். பிறகு மாமியார் ஒரு பக்கம் வெண்கலப் பாத்திரம் தேய்க்க, மறுபக்கம் நான் படித்தேன். வேண்டாத சத்தத்தை ஒதுக்கி வேண்டியதைப் பொறுக்கிக்கொள்ள அந்தக் காது மறுபடியும் பழகிக்கொண்டது. ச-வும் த-வும் திரும்பி வந்தன. சொந்தக் குரலும் அவருக்குக் கேட்டது. "நான் இவ்வளவு உரக்கவா பேசிண்டிருந்தேன்?" என்று வெட்கப்பட்டு, அன்றிலிருந்து மெல்லப் பேசலானார்.

கார்த்திகை நடுவில் அவர் என்னைத் தனியே கூப்பிட்டார். முகம் வாடியிருந்தது.

"அம்மா, மணி நின்னுடுத்து."

கருவியைக் கழற்றச் சொன்னேன். கழற்றினார். "அடிக்கறது" என்றார். போட்டுக்கொண்டார். "இல்லை." கணக்கு வாத்தியார் அல்லவா, திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்த்தார். வெளிச் சத்தம் உள்ளே வந்தபோது உள்ளிருந்த சத்தம் அடங்கிவிட்டது. டாக்டர் இதை நல்ல செய்தி என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் இத்தனை வருஷம் கூடவே இருந்ததை அனுப்பிவிட்டோமோ என்று அவர் கலங்கிப்போயிருந்தார். அவர் கலக்கம் எனக்குப் புரிந்தது. ஆறுதல் சொல்லத்தான் தெரியவில்லை. படித்த புத்தகங்கள் எதுவும் கைகொடுக்கவில்லை.

பாக்கு வெட்டிக்கொண்டிருந்த மாமியார் நிமிர்ந்தே பார்க்காமல் சொன்னார்: "மனுஷா பேசறச்சே பெருமாள் குறுக்கே பேசாம இருக்கார். மரியாதை தெரிஞ்சவர். இதுக்குப் போய் என்ன கவலை?"

மாமனார் சக்கரத்தைத் திருப்பிக் கொஞ்சம் கூட்டிவைத்துக்கொண்டார்.

எல்லாம் கூடிவந்த வேளையில்தான் யாருமே நினையாத இடையூறு ஒன்று தெரிந்தது. பெட்டிக்குச் சட்டைப் பை வேண்டும். கோஷ்டியில் சட்டை ஏது? இடுப்பில் வேஷ்டி, மார்பில் பூணூல், உத்தரீயத்தைக்கூட இடுப்பில்தான் கட்டிக்கொள்ள வேண்டும். இங்கிலீஷ்காரன் செய்த பெட்டி. அவனுக்குச் சட்டையில்லாமல் பெருமாளைச் சேவிக்கும் மனிதர்களைப் பற்றி யார் சொல்லப் போகிறார்கள்?

இடுப்பில் செருகிப் பார்த்தோம். "எனக்கு என் வயத்துக்குள்ள நடக்கறதுதான் கேக்கறது" என்றார் மாமனார். உத்தரீயத்தில் முடிந்து பார்த்தோம். துணி உரசி, ஆற்றில் வெள்ளம் வந்தாற்போல் இரைந்தது. கடைசியில் மாமியார் தன் கல்யாணக் கூரைப்புடவையின் கிழிந்த முந்தானையிலிருந்து ஒரு துண்டை எடுத்து, அரக்குப் பட்டில் ஒரு சிறு பை தைத்தார். தோலுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, பெட்டியை அதில் போட்டு, துளசி மணிமாலையோடு சேர்த்துக் கழுத்தில் தொங்கவிட்டோம். பூணூலைப் பின்பக்கம் தள்ளிக்கொண்டால் உரசலும் இல்லை.

எதிர்வீட்டு மாமா அதைக் கண்டதும் கையை விரித்தார். "சந்நிதிக்குள்ள மெஷினா? ஆகுமோ?"

மாமியார் வாசற்படியில் நின்று கேட்டார்: "உங்க மூக்குல உக்காந்திருக்கே, கண்ணாடி, அது என்ன பூ மாலையா?"

மாமா கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "சரி, மார்கழி முதல் நாள் பார்ப்போம். மறுபடியும் இடிச்சுண்டார்னா நான் பொறுப்பில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மார்கழி முதல் நாள் விடியற்காலையில் சந்நிதி நிரம்பியிருந்தது. எதிர்வீட்டு மாட்டுப்பெண்ணும் நானும் ஒரு தூணோரம் நின்றோம். முன்வரிசை தொடங்கியது. மாமனார் கண்ணை மூடவில்லை, எண்ணவும் இல்லை, எதிர்வரிசையைக் கேட்டுக்கொண்டிருந்தார். அது முடிந்த இடத்தில், நூல் கோத்தாற்போல், தன் அடியை எடுத்தார். அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். என் தோழி என் கையை அழுத்தினாள்.

பிறகு ஒரு பாசுரத்தின் முடிவில் சந்நிதி சட்டென்று மௌனமாயிற்று. பின்வரிசை முடித்துவிட்டது, முன்வரிசை எடுக்கவில்லை. எல்லோரும் எதிர்வீட்டு மாமாவைப் பார்த்தார்கள். அவர் இன்னும் முடியவில்லை என்று எண்ணிக்கொண்டு, முகத்தில் பொறுமையோடு காத்திருந்தார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. மாமனாருக்கு எனக்கு முன்பே விளங்கிவிட்டது. மாமாவின் காதும் போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது. எதிரே நின்ற சிநேகிதர் இத்தனை நாளும் போட்ட கூச்சலில் அது அவருக்கே தெரியாமல் இருந்தது. இப்போது அந்தக் குரல் மெலிந்துவிட்டது.

மாமனார் தன் கடைசிச் சொல்லை இன்னொரு முறை, பழைய வகுப்பறைக் குரலில், அந்த இடத்துச் சம்பிரதாயமே அதுதான் என்பதுபோல் உரக்கச் சொன்னார். மாமா உடனே எடுத்துக்கொண்டார். கோஷ்டி மேலே போயிற்று. அன்று சாத்துமுறைவரைக்கும், அந்த மார்கழி முடியும்வரைக்கும், மாமனார் ஒவ்வோர் அடியின் முடிவையும் ஓங்கியே சொன்னார். "மெஷின் போட்டும் கத்தறாரே" என்று சிலர் குறைப்பட்டார்கள். அவர் காதில் அது நன்றாகவே விழுந்தது. அடுத்த அடியையும் ஓங்கியே முடித்தார்.

வைகுண்ட ஏகாதசிக்குக் கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்த அடியாரான ஒரு பாகவதர், சடாரி வாங்க மாமனாருக்குப் பக்கத்தில் நின்றார். அர்ச்சகர் பெருமாளின் திருவடியான சடாரியைத் தலையில் சாதிக்க, மாமனார் தலையைக் குனிந்தார். காது பெட்டிக்கு அருகில் வந்ததும் பெட்டி 'கீ' என்று மெல்லக் கூவியது. அந்தப் பாகவதர் அரக்குப் பட்டுப் பையைப் பார்த்தார். யாத்திரை போகிறவர்கள், பெருமாளாகவே பூஜிக்கும் சாளக்ராமக் கல்லை அப்படித்தான் பட்டில் முடிந்து கழுத்தில் சாத்திக்கொள்ளுவார்கள். அவர் அங்கேயே சாஷ்டாங்கமாக விழுந்தார். எழுந்து கைகட்டிக்கொண்டு, "ஸ்வாமி, தேவரீர் எழுந்தருளப் பண்ணிண்டிருக்கற மூர்த்தி பேசறாரே!" என்றார்.

மாமனார் விளக்க வாயெடுத்தார். முந்திக்கொண்டு எதிர்வீட்டு மாமா சொன்னார்: "பேசுவார், பேசுவார். எல்லாருக்கும் பேச மாட்டார்."

தை பிறந்ததும் ஒரு மாலையில் மாமா எங்கள் வீட்டுக்கு வந்து வெகுநேரம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார். கடைசியில், யாரையும் பார்க்காமல், "எனக்கும் கொஞ்ச நாளா ஒரு சத்தம் இருக்கு ஓய். சங்கு ஊதறாப்பல" என்றார்.

மாமியார் உள்ளிருந்தே கேட்டார்: "சங்கா? எங்களுக்கு மணி."

அவர் கேட்டவிதம் யாருடையது உசத்தி என்பதுபோல் இருந்தது. மாமனார் சிரித்துக்கொண்டே எழுந்துபோய்த் தென்னூர் டாக்டரின் விலாசத்தை எழுதிக் கொடுத்தார். மாமியார் முந்தானையில் மிச்சமிருந்த பட்டை எடுத்து உதறிப் பார்த்தார். அடுத்த மார்கழியில் எங்கள் சந்நிதியில் எதிரும் புதிருமாக இரண்டு சாளக்ராமங்கள் நின்றன. குரலை இறக்கிக்கொண்டு, இருவரும் நிதானமாக, ஒருவர் முடித்த இடத்தில் மற்றவர் எடுத்துச் சேவித்தார்கள். கோஷ்டி இத்தனை மென்மையாக இருந்து தான் கேட்டதில்லை என்று அர்ச்சகர் சொன்னார்.

மாமனார், மாமியார், எதிர்வீட்டு மாமா மூவரும் போய் வெகுகாலம் ஆகிறது. தூணோரத்து இடத்தில் இப்போது வேறு யாரோ நிற்கிறார். எதிர்வீட்டில் என் தோழி இருக்கிறாள். இந்த வீட்டில் நான் இருக்கிறேன். காலையில் அவள் தன் வாசலில் நின்று என்னிடம் ஏதோ கேட்கிறாள். என் காதில் சாத்தமுது என்றுதான் விழுகிறது. ஆயிண்டிருக்கு என்று பதில் சொல்லுகிறேன். அவளுக்கு அது என்னவாக விழுந்ததோ, தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போகிறாள். அந்தக் காலத்து மனிதர்களில் இந்த வீதியில் நாங்கள் இருவரும்தான் இருக்கிறோம்.